அடி இறக்கம்: பானையா, உறிக்கயிறா?

மழைக்காலத்தில் நீலகிரியின் எமரால்டு பக்கம் தேயிலைக் கொழுந்து எடை போடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நனைந்த இலை என்பதால் சாக்கு வழக்கத்தைவிடக் கனம். அதைத் தரையிலிருந்து தூக்கித் தலைக்கு ஏற்றும்போது, மூச்சை அடக்கிப் பல்லைக் கடித்து ஒரு முக்கு முக்குவார்கள். வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் மொத்தமும் அந்த ஒரு முக்கில் கீழே இறங்குகிறது. வருடக்கணக்காக இப்படித் தூக்கி, பிள்ளைகளும் பெற்று, மாதவிடாயும் நின்றபின், ஒருநாள் குளிக்கும்போது உருண்டையாக ஏதோ கையில் தட்டுப்படும். “அடி இறங்கிடுச்சு” என்று அக்காவிடமோ நாத்தனாரிடமோ மெதுவாகச் சொல்வார்கள். இருமினால் சேலை நனைகிறது என்பதை அவர்களிடமும் சொல்வதில்லை.

விஷயம் வெளியே வந்ததும் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: “கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாயிடும்.” இது பாதிதான் சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, பழைய வீட்டு அடுப்படியில் தொங்கிய உறியை நினைத்துக்கொள்ளுங்கள்.

உத்தரத்திலிருந்து கயிறு. அதில் மூன்று பானைகள்: முன்னால் சிறுநீர்ப்பை, நடுவில் கர்ப்பப்பை, பின்னால் மலக்குடல். பானைகளின் அடி லேசாகத் தொடும்படி கீழே ஒரு பலகை. கயிறுகள்தான் இடுப்பெலும்போடும் முதுகெலும்பின் அடிப்பகுதியோடும் உறுப்புகளைப் பிணைத்திருக்கும் தசைநார்கள். பலகை என்பது இடுப்புத்தளத் தசை. பலகை உறுதியாக இருக்கும்வரை கயிற்றுக்குப் பெரிய வேலை இல்லை. பிரசவத்தில் குழந்தையின் தலை அந்தப் பலகையை விரித்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. சிலருக்குத் தசை எலும்போடு சேரும் இடத்திலேயே கிழிந்தும் போகும். அதன்பின் பாரம் முழுவதும் கயிற்றின் மேல். இருமலும் மலச்சிக்கலும் மூட்டையும் சேர்ந்து அதை இழுக்க, கயிறு நீள்கிறது, பானை இறங்குகிறது. மேல், நடு, அடி என்று இந்தத் தாங்கலை மூன்று அடுக்காகப் பிரித்து 1992-இல் விளக்கியவர் அமெரிக்க மருத்துவர் ஜான் டிலான்சி. இன்றும் அறுவை சிகிச்சை நிபுணர்கள் அந்தக் கணக்கை வைத்துத்தான் யோசிக்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள், கயிறு தளர்ந்ததற்குப் பானையை எடுத்தால் போதுமா? மேல்கயிற்றைக் கட்டாமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால், காலியான இடத்தில் யோனியின் மேல்முனையே சில வருடங்களில் கீழே வரலாம். ஆகவே நல்ல அறுவை சிகிச்சையில் கர்ப்பப்பையை எடுத்த கையோடு, அந்த மேல்முனையை உறுதியான ஒரு தசைநாரோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். முன்சுவர் தொங்கினால் அதன் தளர்வை மடித்துத் தைப்பார்கள், பின்சுவருக்கும் அப்படியே. பெரும்பாலும் எல்லாம் கீழ்வழியாகவே முடியும், வயிற்றில் வெட்டு இருக்காது.

பானையை எடுக்காமலே கயிற்றைச் சரிசெய்யவும் வழி உண்டு. அதில் நம் நாட்டுப் பங்கு பெரியது. மும்பை மருத்துவர் ஷிரோத்கர் பெயரால் வழங்கும் முறையில், இளம் வயதிலேயே அடி இறங்கிய பெண்களுக்குக் கர்ப்பப்பையின் பின்பக்கத்தை ஒரு நாடாவால் முதுகெலும்பின் அடிப்பகுதியோடு கட்டிவிடுகிறார்கள். பிறகும் பிள்ளை பெறலாம். வயதான, உடல் தாங்காத பெண்களுக்கோ முதலில் வளையம்: யோனிக்குள் வைக்கும் சிலிகோன் முட்டு. அறுவை சிகிச்சை கிடையாது. அவ்வப்போது கழற்றிக் கழுவினால் போதும். ஏனோ நம் ஊரில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சிறுநீர்க் கசிவுக்கு உறி உதவாது, நேராகவே சொல்லிவிடுகிறேன். இருமினால், தும்மினால், மூட்டை தூக்கினால் கசிவது ஒரு வகை. அவசரமாக வந்து, கழிப்பறைக்குப் போவதற்குள் போய்விடுவது இன்னொரு வகை. இரண்டாவதற்கு மாத்திரையும் சிறுநீர்ப்பைப் பயிற்சியும்தான் முதல் வைத்தியம், கத்தி இல்லை. முதல் வகைக்கு, 1990-களில் சுவீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டன் கொண்டுவந்த நாடா முறை பெயர் பெற்றது. சுமார் ஒரு சென்டிமீட்டர் அகல நாடாவைச் சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே தளர்வாக விட்டுவைப்பார்கள். இருமும்போது குழாய் அதன்மேல் அழுந்தி மூடிக்கொள்ளும். இறுக்கிவிட்டால் சிறுநீரே போகாது. நாடா வேண்டாம் என்பவர்களுக்கு அவர்களுடைய சொந்தத் திசுவையே பட்டையாக எடுத்து வைக்கலாம்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. அடி நன்றாக இறங்கியிருக்கும்போது குழாய் மடங்கியிருப்பதால் கசிவே தெரியாது. பானையைத் தூக்கிக் கட்டியதும் மடிப்பு நிமிரும், புதிதாகக் கசியத் தொடங்கும். “ஆபரேஷன் கெடுத்துடுச்சு” என்ற புகாரில் சில இந்த ரகம். உறுப்பை உள்ளே தள்ளிப் பிடித்து, இருமச் சொல்லிப் பார்த்தால் இதை முன்கூட்டியே ஓரளவு ஊகிக்கலாம்.

வலை பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இறக்கத்தைச் சரிசெய்ய யோனி வழியாகப் பிளாஸ்டிக் வலையைப் பதிக்கும் பழக்கம் ஒரு காலத்தில் வேகமாகப் பரவியது. வலை சதையை அரித்து வெளியே தெரிவதும் தீராத வலியும் புகார்களாகக் குவிய, 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் விற்பனையை நிறுத்தச் சொன்னது. கசிவுக்கான சிறு நாடாவை அந்த உத்தரவு தொடவில்லை. பிரிட்டனில் 2018-இலேயே அந்த நாடாவையும் சேர்த்து நிறுத்திவைத்தார்கள்.

எமரால்டுக்காரர்களுக்கு முன்பு கோயம்புத்தூர்தான் கதி என்ற நிலை இருந்தது. 2022-இல் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மகளிர் பிரிவுக்குப் போகும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காதீர்கள். மருத்துவரிடம் கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: என்னுடையது எந்த வகைக் கசிவு? கர்ப்பப்பையை எடுத்தால் மேல்முனையை எதில் கட்டுவீர்கள்? வலை வைப்பீர்களா? வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: தையல் ஆறக் குறைந்தது ஆறு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடமும் விறகும் உங்கள் பொறுப்பு. கொழுந்துச் சாக்கைப் பற்றி மருத்துவர் சொல்லும்வரை பேச்சே எடுக்காதீர்கள்.