பின்னால் தண்ணீர் பீச்சுகிறதா?

அரியலூர் மாவட்டத்துத் திருமானூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஏரியில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர். தீவனம் போடவும் வலை இழுக்கவும் வசதியாக இருக்குமென்று பழைய ஃபைபர் படகொன்றையும், அதன் பின்பலகையில் மாட்டும் ‘அவுட்போர்டு’ பெட்ரோல் எஞ்சினையும் கடற்கரையிலிருந்து வாங்கி வந்துவிட்டார். ஓட்டினால் பத்தே நிமிடத்தில் சூடேறி நின்றுவிடுகிறதாம். டூவீலர் மெக்கானிக் ப்ளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், கடைசியில் ஹெட்டையும் கழற்றி மாட்டினார். பில்தான் ஏறுகிறது. “யாரிடம் கொண்டுபோவது?” என்று கேட்கிறார்.

ஏழு கோடி முதல் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூரும் பெரம்பலூரின் காரைப் பகுதியும் கடலடியில் கிடந்தவை. இன்றைக்கும் ஓடைச் சரிவில் அம்மோனைட் புதைபடிவம் கிடைக்கும்; அவுட்போர்டு மெக்கானிக்தான் கிடைக்கமாட்டார். நாகப்பட்டினமோ கடலூர் முதுநகரோ போகவேண்டும். அதற்குமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: எஞ்சின் ஓடும்போது பின்பக்கத்துச் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சுகிறதா?

பெரும்பாலான மோட்டார் சைக்கிள் எஞ்சின்களைக் காற்றே குளிர்விக்கும். இந்தப் படகு எஞ்சின் ஏரியைக் குடித்துக் குளிரும் ஜாதி. அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் 1909-இல் விற்கத் தொடங்கிய நாளிலிருந்து அதன் உடல்வாகு பெரிதாக மாறவில்லை: மேலே எஞ்சின், நடுவில் நீண்ட தண்டு, அடியில் கியரும் விசிறியும். அந்தத் தண்டிலேயே, கியருக்குச் சற்று மேலே, உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் இம்பெல்லர் ஒன்று சுற்றுகிறது. எனக்கு இந்த எஞ்சினிலேயே பிடித்த பாகம் அதுதான்.

எங்கள் கிணற்று மோட்டார் கரண்ட் போய் வந்தால் வெறுமனே சுற்றும். சாணியைக் கரைத்துக் குடம் குடமாகக் குழாயில் ஊற்றினால்தான் தண்ணீர் எடுக்கும். உள்ளே இருக்கும் இரும்புச் சக்கரத்தால் காற்றை இழுக்க முடியாது. இந்த ரப்பர்ச் சக்கரத்துக்கு அந்த உபசாரம் வேண்டியதில்லை. அது தன் வட்டக் கூட்டின் மையத்தில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. நெருக்கமான பக்கம் வரும்போது ரப்பர் இதழ்கள் மடங்கித் தண்ணீரைப் பிதுக்குகின்றன. அகலமான பக்கம் போனதும் விரிந்து உறிஞ்சுகின்றன. வேகம் கூடினால் தண்ணீரின் அழுத்தமே இதழ்களை உள்ளே வளைத்துவிடும். சுவரைத் தொடாமல் சுற்றித் தண்ணீரை வீசியடிக்கும். மெதுவாக ஓடும்போது ஒரு வகைப் பம்பு, வேகமாக ஓடும்போது இன்னொரு வகை.

இதழ்களுக்கு மசகு எண்ணெய் கிடையாது, அந்தத் தண்ணீர்தான் மசகு. ஸ்டாண்டில் மாட்டி, தண்ணீர் இல்லாமல் “ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்” என்று கயிற்றை இழுத்து ஓடவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் ரப்பர் கருகத் தொடங்கும். கோளாறைத் தேடும் சோதனையே புதுக் கோளாறு ஆகிவிடுகிறது. நம் வாசகரின் எஞ்சினுக்கு நடந்ததும் இதுவாக இருக்கலாம்.

பீச்சவில்லையென்றால் முதலில் அந்தத் துளையில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். மண்குளவிக்கு அது பிடித்த வீடு. அடுத்து, அடியில் தண்ணீர் புகும் சல்லடையில் ஆகாயத்தாமரை வேரோ கேரி பையோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் கடைதான். அங்கே போய் “ரிங் போச்சு” என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, தண்ணீர் வந்ததா, எப்போது நின்றது என்பதை மட்டும் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பழைய இம்பெல்லரைக் கேட்டு வாங்கி, இதழ்களை எண்ணுங்கள். ஆறில் நான்குதான் இருக்கிறதென்றால், மீதி இரண்டும் எஞ்சினின் நீர்ப்பாதைக்குள் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கின்றன. புது இம்பெல்லர் போட்டும் சூடேறுவது அதனால்தான். கியர் ஆயிலையும் காட்டச் சொல்லுங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் கசிகிறது.

கரைவெட்டி ஏரிப்பக்கம் மட்டும் இந்த எஞ்சினைக் கொண்டுபோக வேண்டாம். 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம் அது. வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி வந்து இறங்குவது நம் டுர்டுர் சத்தத்தைக் கேட்க அல்ல.

ஓடித் தேய்ந்த எஞ்சினைவிடச் சும்மா கிடந்து கெட்ட எஞ்சின்தான் எனக்கு அதிக எரிச்சல் தருகிறது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் கொள்ளிடம் ஆறு கரைதொட்டு ஓடியது. அப்படிப்பட்ட நாளுக்கென்று வாங்கும் மீட்புப் படகு எஞ்சின், வெள்ளம் வடிந்ததும் கொட்டகைக்குள் போய்த் தார்ப்பாய்க்கடியில் தூங்கினால் என்ன ஆகும்? இதழ்கள் மடங்கியபடியே இறுகிவிடும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுத்து, அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். கார்புரேட்டரில் மிஞ்சிய பெட்ரோல் பிசினாகும். அடுத்த வெள்ளத்தில் கயிற்றை இழுத்து இழுத்துக் கைதான் வலிக்கும்.

மாதம் ஒருமுறை, எஞ்சினின் அடிப்பகுதி சல்லடைக்கு மேல்வரை மூழ்கும்படி ட்ரம்மில் தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் ஓடவிடுங்கள். பின்னால் பீச்சுவதைப் பார்த்த பிறகு பெட்ரோல் குழாயைக் கழற்றிவிடுங்கள். கார்புரேட்டர் காலியாகி எஞ்சின் தானாக அணையட்டும். மூடி வைப்பதெல்லாம் அதற்கப்புறம்.