நல்லெண்ணெயும் எள்தான்... கவனம்!

'எள் அலர்ஜி' என்று டாக்டர் சொன்னதும், 'எள்ளுருண்டைதானே, விட்டுட்டா போச்சு' என்றுதான் முதலில் தோன்றும். சமையலறைக்குள் நுழைந்த பிறகுதான், எள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பது புரியும்.

வீட்டில் எங்கே?

இட்லி மிளகாய்ப் பொடி, அதில் ஊற்றும் நல்லெண்ணெய், ஊறுகாய், வத்தக்குழம்பு, புளியோதரை, முறுக்கு, தட்டை, சில வீடுகளில் அதிரசம் என்று பட்டியல் நீளும். அலர்ஜியைத் தூண்டுவது எள்ளில் உள்ள புரதம். செக்கில் ஆட்டிய எண்ணெயிலும் அது இருக்கும். எள் ஆட்டிய அதே செக்கில் கடலை எண்ணெய் ஆட்டினாலும் கலந்துவிடலாம். எள் அரைத்த மிக்ஸி ஜாரும் அப்படித்தான்.

நல்லெண்ணெய்க் குளியல், நல்லெண்ணெயில் காய்ச்சிய மூலிகைத் தைலங்கள் பற்றியும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் எங்கே?

பர்கர் பன், பிரெட், பிஸ்கட், ஹம்முஸில் சேரும் தஹினி ஆகியவற்றைக் கவனியுங்கள். நெய்யில் வனஸ்பதி கலப்படத்தைக் கண்டுபிடிப்பதற்காக, வனஸ்பதியில் 5 சதவிகிதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்ற விதி நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. வனஸ்பதியில் செய்த ஸ்வீட், பஃப்ஸ் வாங்கும் முன்பு இதை நினைவில் வையுங்கள்.

லேபிளில் செசமி, ஜிஞ்செல்லி, டில், தஹினி என்று எது இருந்தாலும் அது எள்தான். அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளை முக்கிய அலர்ஜிப் பொருளாக லேபிளில் குறிப்பிடுவது கட்டாயம். பால், முட்டை, நிலக்கடலை போன்றவற்றைத் தனியாகக் குறிப்பிடச் சொல்லும் நம் நாட்டின் 2020-ம் ஆண்டு விதிகளில் எள் இல்லை. அதனால், 'அலர்ஜி' என்று போட்டிருக்கும் வரியோடு நிறுத்தாமல், சேர்மானப் பட்டியல் முழுவதையும் படியுங்கள்.

'கொஞ்சம்தானே!'

விசேஷ வீடுகளில் பாட்டி, அத்தை எல்லோரும் அன்போடு சொல்லும் வார்த்தை இது. ஆனால், சிலருக்கு அந்தக் கொஞ்சமே ஆபத்து. 2016-ல் லண்டனிலிருந்து விமானத்தில் புறப்பட்ட நடாஷா என்ற 15 வயதுச் சிறுமி, சாண்ட்விச் ரொட்டி மாவில் கலந்திருந்த எள்ளால் உயிரிழந்தார். லேபிளில் எள் என்ற வார்த்தையே இல்லை. இங்கிலாந்தில் 2021-ல் நடைமுறைக்கு வந்த லேபிள் சட்டம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. உறவினர்களிடம் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பள்ளியில் டீச்சரிடம் எழுதியே கொடுங்கள்.

அவசரத்தில்...

அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி ஆகியவை அறிகுறிகள். மூச்சுத்திணறல், குரல் மாற்றம், மயக்கம் வந்தால் அலர்ஜி மாத்திரையை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. டாக்டர் அட்ரினலின் ஊசி தந்திருந்தால் உடனே தொடையில் போட்டுவிட்டு, 108-ஐ அழையுங்கள். படுக்க வைத்து கால்களை உயர்த்துங்கள்; மூச்சு விட சிரமப்பட்டால் உட்கார வைக்கலாம்.

ருசிக்குக் குறை இல்லை

உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம் மட்டுமே சேர்த்து அரைத்தாலும் பொடி மணக்கும். நல்லெண்ணெய்க்குப் பதில் நெய்யோ தேங்காய் எண்ணெயோ ஊற்றலாம். பயத்தில் மற்ற விதைகளையும் பருப்புகளையும் நீங்களாகவே ஒதுக்க வேண்டாம். எது சேரும், எது சேராது என்பதைப் பரிசோதித்து டாக்டர் சொல்லட்டும். வீட்டில் ஒருவருக்கு அலர்ஜி என்றால், எல்லோருமே எள் இல்லாத பொடிக்கு மாறிவிடுங்கள். தனித் தட்டு, தனி டப்பா என்ற வருத்தமே அந்தப் பிள்ளைக்கு இருக்காது!