ஆட்டுக்குக் குழை போடுவது யார்? சத்திரசிகிச்சைக்குப் பின் வீட்டில் நாங்கள் கற்றவை

கிப்ஸ்லாண்ட் பக்கம் மூன்று ஏக்கர் காணியில் நான்கு ஆடுகளும் இருபது கோழிகளும் வைத்திருக்கிறோம். ஊரில் ஆடு வளர்த்த பழக்கம், மெல்பேணுக்கு வந்து பிள்ளைகள் வளர்ந்து போன பின்னும் எங்களை விடவில்லை. காணி உள்ள எம்மவர் இப்போது பலர். அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறோம்.

இவருக்கு வலது பக்கக் கவட்டில் குடலிறக்கம். காத்திருந்த திகதி வந்தது. காலையில் போய், வலை வைத்துத் தைத்து, அன்று பின்னேரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது தாதி நிறையக் கேள்விகள் கேட்டார். வீட்டில் படிகள் உண்டா, குளியலறை எங்கே, கூட யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். ஆடு மாடு உண்டா என்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஆறு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் பார்த்தோம். ஆட்டுத்தீன் மூட்டை ஒன்று 20 கிலோ. சிறிய வைக்கோல் கட்டும் ஏறக்குறைய அவ்வளவு பாரம். பத்து லீற்றர் வாளியில் தண்ணீர் நிரப்பினால் அதுவே 10 கிலோவுக்கு மேல். எங்கள் கொட்டிலில் 5 கிலோவுக்குள் அடங்குவது முட்டைக் கூடை ஒன்றுதான்!

முதல் வாரம் ஒழுங்காகப் போனது. தீன் போடுவது, தண்ணீர் வைப்பது, பால் கறப்பது எல்லாம் மனைவியின் தலையில். இவர் வீட்டைச் சுற்றி மெதுவாக நடந்தார். நடப்பது அவசியம். படுத்தே கிடந்தால் கால் நாளங்களில் குருதி உறையும் ஆபத்து உண்டு. வலி மாத்திரை மலச்சிக்கலைத் தந்தது. முக்கினால் தையலுக்குக் கூடாது என்பதால் பப்பாசி, கீரை, நிறையத் தண்ணீர் என்று சமாளித்தோம். இருமல் வந்தால் தலையணையைக் காயத்தின் மேல் அழுத்திப் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். வைக்கோல் தூசு தும்மலைக் கிளப்பும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கொட்டில் வாசலில் நின்று ஒரு தும்மல் போட்டவர் அதன்பின் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒன்பதாம் நாள் மனைவி வேலைக்குப் போக வேண்டி வந்தது. தீன் முடிந்திருந்தது. வலியும் குறைந்திருந்தது. 'ஒரு தரம்தானே' என்று இவர் மூட்டையை வாகனத்திலிருந்து இறக்கியிருக்கிறார். இரவு கவட்டில் வீக்கம், கருநீல நிறம். விடிய வைத்தியசாலைக்கு ஓடினோம். ஸ்கான் செய்து பார்த்ததில் வலை விலகவில்லை, உள்ளே குருதி தேங்கியிருந்தது. தானாக வற்றும் என்றார்கள். ஆனால் ஆறு வாரம் பத்து வாரமானது. வலி குறைவதும் உள்ளே காயம் ஆறுவதும் ஒன்றல்ல என்று வைத்தியர் சொன்னது எங்களுக்குப் பிந்திக் கிடைத்த பாடம்.

பாரத்தைப் போலவே திடீர் இழுப்பும் கூடாது. கயிற்றில் பிடித்த ஆடு வெட்டி இழுப்பது, தீனுக்கு முண்டியடித்து முட்டுவது, இறுகிய படலையை இழுத்துத் திறப்பது எல்லாம் வயிற்றுத் தசையில்தான் போய் முடியும். பால் கறக்கக் குந்தி இருப்பதும் அப்படியே.

இன்னொரு பிழையும் விட்டோம். ஆட்டுக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள். கிடாய்க்கு விட்ட நாளைக் கலண்டரில் குறித்து வைத்திருந்தோம். ஆனால் சத்திரசிகிச்சைத் திகதியை ஒப்புக்கொண்டபோது அந்தக் கலண்டரை நாங்கள் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள் இரவு மூத்த ஆடு குட்டி ஈனத் தொடங்கியது. இவர் எழும்பிச் சப்பாத்தைத் தேடினார். மனைவி மறித்துவிட்டு, பக்கத்துக் காணி முதியவருக்குத் தொலைபேசி எடுத்தார். மனிதர் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். அதற்கு முன் அவரிடம் உதவி கேட்க எங்களுக்கு வெட்கம். அவரோ, ஏன் முதலே சொல்லவில்லை என்று எங்களைக் கோபித்தார்.

இவரைக் கிட்ட விடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கியூ காய்ச்சல். 1930களில் குவீன்ஸ்லாந்து இறைச்சிக்கூடத் தொழிலாளரிடம் முதலில் இனங்காணப்பட்ட நோய் இது. ஆடு, மாடு, செம்மறி ஈனும்போது வரும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி மிக அதிகம். அது காய்ந்து தூசோடு கலந்து மூச்சு வழியே உள்ளே போகும். ஆட்டில் நோய் தெரியாமலே இருக்கலாம். மனிதருக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் கழித்துக் கடும் காய்ச்சல், தலையிடி, வியர்வை வரும். கர்ப்பிணிகளும், இருதய வால்வில் கோளாறு உள்ளவர்களும், வால்வு மாற்றியவர்களும் ஈனும் ஆட்டின் பக்கம் போகவே கூடாது. அவுஸ்திரேலியாவில் இதற்குத் தடுப்பூசி உண்டு. போடுமுன் தோலிலும் குருதியிலும் பரிசோதனை செய்வார்கள், ஏனெனில் ஏற்கெனவே கிருமி பட்டவருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஆடு வைத்திருப்பவர்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். நாங்கள் இத்தனை வருடம் கேட்காமல் இருந்தோம்.

காயம் சிவந்து சூடாகினால், சீழ் வடிந்தால், காய்ச்சல் வந்தால், சிறுநீர் போகாவிட்டால், ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி வலித்தால் அன்றே வைத்தியரைக் காணுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றாலோ, புடைப்புக் கல்லாகி வாந்தி வந்தாலோ 000 தான்.

இப்போது தீன் கடையில் மூட்டையை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்கிறோம். தண்ணீருக்குக் குழாய் நீட்டியாயிற்று. கொட்டிலில் பால் கறக்க உயர்ந்த மேடை ஒன்றும் அடித்தாயிற்று. ஆட்டுக்கு எவ்வளவு தீன், எந்த நேரம், எந்தப் படலை முதலில் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொட்டில் கதவில் ஒட்டியிருக்கிறோம், பக்கத்துக் காணிக்காரருக்காக ஆங்கிலத்தில். அன்றிரவு பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்று இப்போது அவர் வீட்டில் நிற்கிறது.