பெயரை நீக்கினால் போதுமா? கைப்பேசித் தரவும் மந்தின் தோட்டங்களும்

மந்தின் – கைப்பேசி நிறுவனங்களிடமிருந்து பயனீட்டாளர்களின் தரவைப் பெறும் திட்டம் குறித்து மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2025 ஜூன் மாதம் விளக்கமளித்தபோது நாடு முழுவதும் சலசலப்பு எழுந்தது. அவ்வாண்டின் முதல் மூன்று மாதங்களுக்கான தரவு கேட்கப்பட்டிருந்தது. சுற்றுப்பயணிகளின் எண்ணிக்கை, இணையப் பயன்பாடு ஆகியவற்றின் புள்ளிவிவரங்களுக்காகவே அது பெறப்படுவதாகவும், தனிமனிதரை அடையாளம் காட்டும் விவரம் அதில் இருக்காது என்றும் ஆணையம் கூறியது.

பெயரும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் பயம் எதற்கு என்று கேட்பது இயல்பு. புவியியல் தகவல் அறிவியல் துறையினரும் கணினி ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கேள்வியும் இதுதான். அவர்கள் கண்ட விடை தோட்டப்புறத்தாருக்குச் சாதகமாக இல்லை.

ஒருவர் அழைக்கும்போதும் இணையத்தைத் திறக்கும்போதும் நேரமும், எந்தக் கோபுரத்தின் வழியாக அது நடந்தது என்பதும் நிறுவனத்தின் பதிவில் ஏறுகின்றன. பெயரை எடுத்துவிட்டு ஒரு குறியெண்ணை இட்டாலும், அந்தக் குறியெண்ணின் கீழ் அவருடைய நடமாட்டம் வரிசையாக நிற்கும். பெரட்டில் பெயருக்குப் பதிலாக எண்ணைக் கூப்பிட்டாலும், முன்னால் நிற்பவர் யாரென்று கங்காணிக்குத் தெரியாதா?

2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது. இவ்-அலெக்சாந்தர் டி மொஞ்ஜோயும் அவருடைய குழுவினரும் 15 லட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசித் தரவை ஆராய்ந்தனர். ஒருவர் எந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தின் அருகே இருந்தார் என்ற நான்கே நான்கு குறிப்புகள் போதும். 95 விழுக்காட்டினரைக் கூட்டத்திலிருந்து தனித்துக் காட்டிவிடலாம். இடத்தையும் நேரத்தையும் மங்கலாக்கிப் பார்த்தார்கள். அதனால் பெரிய பலன் இல்லை.

அமெரிக்காவின் ஃபிலிப் கோல், கர்ட் பார்ட்ரிட்ஜ் இருவரின் 2009 ஆய்வு இன்னும் எளிமையானது. வீடு எங்கே, வேலையிடம் எங்கே என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் மாவட்ட அளவில் மட்டுமே தெரிந்தால், சராசரித் தொழிலாளி தன்னைப் போன்ற 34,980 பேருக்குள் மறைந்திருக்கிறார். சில ஆயிரம் பேர் வாழும் வட்டார அளவில் தெரிந்தால் 21 பேருக்குள். தெருக்கட்டு அளவில் தெரிந்தால்? அவர் ஒருவரேதான்.

இனி மந்தினுக்கு வருவோம். காஜாங்கிலிருந்து சிரம்பான் போகும் பழைய சாலையில் உள்ள சிறு நகரம். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். ஓர் உதாரணத்துக்கு, உட்புறத் தோட்டம் ஒன்றின் லயத்தில் வாழும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். விடியுமுன் நீலாய் தொழிற்சாலைக்குப் புறப்படுகிறார், இரவு திரும்புகிறார், வாரம் இருமுறை சிரம்பானில் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார். கோலாலம்பூர் அடுக்குமாடி ஒன்றில் இருந்தால் அதே கோபுரத்தின் கீழ் ஆயிரக்கணக்கானோர் உறங்குவார்கள். தோட்டத்தில் சில நூறு பேர்தான். அவர்களில் நீலாய்க்கும் போய், வாரம் இருமுறை சிரம்பானுக்கும் போகிறவர் எத்தனை பேர்? தரவைக் கையில் வைத்திருப்பவர் அவரை அறியாதிருக்கலாம். அது கசிந்தால், பக்கத்து வீட்டாருக்கோ வட்டி முதலைக்கோ ஒரு நிமிடம் போதும். கசியாது என்றும் சொல்வதற்கில்லை. மலேசியாவில் 4 கோடியே 60 லட்சத்துக்கும் அதிகமான கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது 2017இல் வெளியானது.

ஆள் குறைந்த இடமே அதிகம் தெரியும் என்பதற்கு 2018 ஜனவரியில் உலகமே பார்த்த சாட்சி உண்டு. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, பயனர்கள் ஓடிய பாதைகளைப் பெயரில்லாமல் ஒரே வரைபடத்தில் ஒளிரவிட்டிருந்தது. லண்டனில் யாருடைய ஓட்டம் எது என்று பிரித்தறிய முடியாது. ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருண்ட பாலைவனத்தின் நடுவே வட்டங்கள் தனியாக மின்னின. அவை படைமுகாம்கள் என்பதை ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் கண்டு சொன்னார்.

மருந்தே இல்லையென்று சொல்லிவிட முடியாது. கைப்பேசி உண்மையான இடத்தைச் சற்றே தள்ளிச் சொல்லும் கணக்குமுறையைக் கத்துஷியா பலமிடெஸ்ஸியும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்டார்கள். ஆனால் நகரத்தில் 500 மீட்டர் தள்ளினால் வேறொரு கட்டடம் வரும். தோட்டத்தில் செம்பனை மரத்தடி வரும். அங்கே யாரும் குடியிருக்க முடியாது, அருகிலுள்ள லயம்தான் என்று எளிதில் ஊகிக்கலாம். புள்ளிவிவரத் துறைகள் கையாளும் இன்னொரு வழி, மிகக் குறைந்த எண்ணிக்கை உள்ள இடங்களின் விவரத்தை வெளியிடாமல் விடுவது. அப்படி விட்டால் ரகசியம் காக்கப்படும். தோட்டமும் கணக்கிலிருந்து விழும். கிளினிக்கும் பேருந்தும் கேட்டுப் போகிறவர்களுக்கு அந்த எண்ணிக்கைதானே ஆதாரம்? நகரத்தாருக்கு வராத இந்த இக்கட்டு, தரவுத் திட்டங்களைப் பற்றிய பேச்சில் அபூர்வமாகவே இடம்பெறுகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. தரவு கசிந்தால் நிறுவனங்கள் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது.

கோபுரத்தின் பதிவைத் தனிமனிதர் நிறுத்த முடியாது. செயலிகளுக்குப் போகும் இருப்பிடத்தைக் குறைக்கலாம். 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ஐபோனிலும், 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் மற்றவற்றிலும், துல்லியமான இடத்துக்குப் பதிலாகத் தோராயமான இடத்தை மட்டும் கொடுக்க வழியுண்டு. ஆண்ட்ராய்டில் அது ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர். நகரத்தில் அதற்குள் பல்லாயிரம் பேர் இருப்பார்கள். தோட்டத்தில் சில லயங்களும் ஒரு கோயிலும் இருக்கலாம். ஆகவே இருப்பிடமே தேவைப்படாத விளையாட்டு, கடன், கைவிளக்குச் செயலிகளுக்கு அனுமதியை அறவே மறுப்பது நல்லது. கிராப் போன்றவற்றுக்கு ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அமைப்புகளில் ‘இருப்பிடம்’ என்ற பகுதியைத் திறந்தால் எந்தெந்தச் செயலிக்கு அனுமதி உள்ளது என்ற பட்டியல் தெரியும். வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியையும் பிள்ளைகள் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிடலாம்.