கொன்றது யார்? ஏன்?: ‘அந்த நாள்’ படமும் விமர்சனத்தில் அரசியலும்

சென்ற விடுமுறையில் நீர்வேலியிலுள்ள தோழி ஒருத்தியின் வீட்டில் ‘அந்த நாள்’ படத்தைப் பார்த்தோம். படம் முடிந்ததும் விவாதம் தொடங்கிவிட்டது. “ராஜன் செய்தது துரோகமா, இல்லையா?” என்று நாங்கள் வாதாட, தோழியின் அம்மப்பா இடைமறித்தார்: “துப்பறியிற படத்துக்குள்ள ஏன் பிள்ளையள் அரசியலைக் கொண்டு வாறியள்? கொன்றது ஆரெண்டு பாத்தாக் காணும்.” பழைய மர்மப் படங்களின் ரசிகர்கள் பலர் சொல்வதும் இதுதான். அது சரியா என்பதை அந்தப் படத்தைக் கொண்டே பார்ப்போம். படத்தின் முடிவையும் சொல்ல வேண்டியிருப்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்தருள்க.

ஏவி.எம். நிறுவனம் தயாரித்த ‘அந்த நாள்’ 1954இல் வெளிவந்தது. இயக்கியவர் வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர். ஜாவர் சீதாராமன் வசனம் எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். இசைக் கலைஞர் ஒருவர் இயக்கியும் படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை, நடனமும் இல்லை. தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் நடித்த ராஜன் சுடப்பட்டு இறந்துவிடுகிறான். அயல்வீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி, காதலி, மனைவி என ஒவ்வொருவர் மீதும் சந்தேகம் விழுகிறது. வெளிவந்த காலத்தில் படம் பெரிதாக ஓடவில்லை. பின்னர்தான் ரசிகர்கள் அதைக் கொண்டாடினர்.

பலர் இதனை அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) படத்தோடு ஒப்பிடுவர். ஒரே சம்பவத்தைப் பலர் வாயால் சொல்லும் உத்தி இரண்டிலும் உண்டு. ஆனால் யப்பானியப் படத்தில் எது உண்மை என்பது இறுதிவரை தெளிவாவதில்லை. ‘அந்த நாள்’ உண்மையைத் தெளிவாகவே சொல்லி முடிகிறது. மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியால்தான் ராஜன் இறந்தான்.

அம்மப்பா கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் ‘ஏன்?’ என்ற கேள்வி உடனே எழுகிறது. ராஜன் ஒரு வானொலிப் பொறியியலாளன். தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில் யப்பானியருக்கு இரகசியங்களை விற்கிறான். தேசப்பற்று மிக்க உஷாவால் அதனைப் பொறுக்க முடியவில்லை. அரசியலை நீக்கினால் இந்தக் கொலைக்குக் காரணமே இல்லாமற் போய்விடும்.

கதை நடப்பது 1943 ஒக்டோபரில், யப்பானியர் சென்னையில் குண்டு வீசிய நாட்களில். இந்த அச்சம் நமக்கும் புதிதல்ல. 1942 ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பிலும், 9ஆந் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஆனால் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. அதே 1943 ஒக்டோபரில்தான் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூரில், யப்பானின் ஆதரவோடு, சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். அவரது படையில் கப்டன் லக்ஷ்மியின் தலைமையில் ஜான்சி ராணி பெண்கள் பிரிவு இயங்கியது. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். நாட்டுக்காகவே அந்தப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினார்கள், உஷாவும் ஏந்தினாள். அவர்கள் யப்பானின் துணையோடு நின்றார்கள். இவள் யப்பானுக்கு உதவியவனுக்கு எதிராக நின்றாள். பணத்துக்காக இரகசியம் விற்றவனையும் விடுதலைக்காகப் போராடியவர்களையும் ஒன்றாக வைக்க முடியாது. ஆயினும் அன்று சென்னையை ஆண்டவர்கள் ஆங்கிலேயர் என்பதை நினைக்கும்போது, ‘நாடு’ என்று படம் எதைச் சொல்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆகவே, ஒரு படத்தின் அரசியலைப் பேசுவது அதற்குள் இல்லாத ஒன்றைத் திணிப்பது ஆகாது. ஆனால் அதைப் பேசும்போது நிதானம் வேண்டும். பாத்திரம் சொல்வது எல்லாம் படம் சொல்வது ஆகாது. ராஜனின் வாதத்தைச் சிவாஜி மிக அழகாகப் பேசுகிறார். கதையோ அவனைத் தண்டிக்கிறது. படம் வெளிவந்த ஆண்டையும் மறக்கக்கூடாது. சுதந்திரம் பெற்று ஏழாண்டுகளே ஆன ஒரு நாட்டின் குரல் அது. கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒளிப்பதிவையோ நடிப்பையோ குறைத்துச் சொல்வதும் நேர்மையாகாது. கருத்துப் பிடித்துவிட்டது என்பதற்காக மோசமான படத்தைப் போற்றுவதும் அப்படியே. சினிமாவும் அரசியலும் தமிழ்ச் சமூகத்தில் பின்னிக் கிடப்பதை, வடமராட்சி தந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி தம் ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

அன்று தேநீர் குடிக்கும்போது அம்மப்பாவிடம் கேட்டேன்: “உஷா செய்தது சரியா அம்மப்பா?” அவர் யோசிக்கவேயில்லை. “சரிதான் பிள்ளை. நாட்டைக் காட்டிக் குடுத்தவனை வேற என்ன செய்யிறது?” என்றார். “புருசனைச் சுடலாமோ?” என்று அம்மம்மா குசினிக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். விவாதம் மீண்டும் தொடங்கியது. இம்முறை அரசியலை நாங்கள் கொண்டுவரவில்லை.