வாயுக் கப்பல் நின்றால் யூரியா மூட்டை என்ன ஆகும்?

சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் சாலை ஓரம் தொழிற்சாலைகள். அவற்றை அடுத்து ஏரிப் பாசன நெல் வயல்கள். உலைக்கும் உலர்த்தும் அடுப்புக்கும் இயற்கை எரிவாயு வேண்டும் என்பது ஆலையில் வேலை செய்யும் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். வயலுக்கும் அதே வாயு வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. நவரை நெல்லுக்கு மேலுரமாக இடும் யூரியா, வாயுவிலிருந்து செய்யப்படுவது. அந்த வாயுவில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. கப்பல் வராமல் போனால் நாடு எப்படிச் சமாளிக்கிறது, விவசாயி என்ன செய்ய வேண்டும் என்பது அறிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

வாயு எப்படி உரமாகிறது?

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு தழைச்சத்துதான். ஆனால் பயிர் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. இயற்கை வாயுவிலுள்ள ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றிலுள்ள நைட்ரஜனோடு அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் சேர்த்தால் அம்மோனியா கிடைக்கும். அம்மோனியாவைக் கரியமில வாயுவுடன் சேர்த்தால் யூரியா. ஆக, உர ஆலைக்கு வாயு எரிபொருள் மட்டுமல்ல, மூலப்பொருளும் அதுவே. யூரியா தயாரிப்புச் செலவில் பெரும்பகுதி வாயுவின் விலைதான்.

நம் மாநிலத்தில் மணலியிலுள்ள மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆலையும் தூத்துக்குடி ஸ்பிக் ஆலையும் நெடுங்காலம் நாப்தாவை வைத்து யூரியா செய்தன. நாப்தா பெட்ரோலியப் பொருள், விலை கூடுதல். 2019-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திரவ வாயுவை இறக்கும் முனையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மணலி ஆலை வாயுவுக்கு மாறியது. ஸ்பிக் ஆலைக்கு ராமநாதபுரத்திலிருந்து குழாய் வந்தது. செலவு குறைந்தது நல்லதே. ஆனால் உரம் கப்பலை நம்பியிருக்கும் நிலையும் கூடவே வந்தது.

2022-ல் நடந்தது

பொதுத்துறை நிறுவனமான கெயில், ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நிறுவனத்துடன் 2012-ல் 20 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்குச் சராசரியாக 25 லட்சம் டன் திரவ வாயு வர வேண்டும். 2018-ல் கப்பல்கள் வரத் தொடங்கின. 2022-ல் உக்ரைன் போர் மூண்டதும், இந்த வாயுவை அனுப்பி வந்த காஸ்ப்ரோமின் கிளையை ஜெர்மனி அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ரஷ்யா அதன்மீது தடை விதித்தது. ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் நடந்த இழுபறியில் இந்தியாவுக்கு வர வேண்டிய கப்பல்கள் நின்றுபோயின.

கெயில் இருக்கும் வாயுவைப் பங்கிட்டுக் கொடுத்தது. உத்தரப் பிரதேசத்தில் பாதா என்ற ஊரிலுள்ள தன் சொந்த பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலையின் உற்பத்தியைக் குறைத்தது. தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தத்தில் உள்ள குறைந்தபட்ச அளவை மட்டும் கொடுத்தது. உர ஆலைகள் சிலவற்றுக்கும் சுமார் 10 சதவீதம் வெட்டு விழுந்தது. 2023-ல் கப்பல்கள் மீண்டும் வரத் தொடங்கின. நஷ்ட ஈடு கேட்டு கெயில் தொடுத்த வழக்கு 2025 ஜனவரியில் 28.5 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று.

மூட்டை விலை ஏறாதது ஏன்?

அந்த ஆண்டில் உலகச் சந்தையில் யூரியா டன் 900 டாலரைத் தாண்டியது. இங்கே 45 கிலோ மூட்டையின் விலை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் நீங்கலாக, ரூ.242 என்ற அளவிலேயே நின்றது. மூட்டை ஒன்றுக்கு ஆன அசல் செலவு சுமார் ரூ.2,200 என்று மத்திய அரசு 2023-ல் தெரிவித்தது. மீதியை அரசு மானியமாக ஏற்றது. 2022-23-ல் உர மானியம் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய்.

இன்னும் இரண்டு ஏற்பாடுகள் கைகொடுத்தன. உள்நாட்டு வாயுவின் விலையையும் இறக்குமதி வாயுவின் விலையையும் சேர்த்துச் சராசரி கண்டு, எல்லா யூரியா ஆலைகளுக்கும் ஒரே விலையில் கொடுக்கும் முறை 2015 முதல் இருந்தது. அதனால் எந்த ஆலையும் தனியாக அடிபடவில்லை. ராமகுண்டம், கோரக்பூர், சிந்திரி, பரௌனி ஆகிய இடங்களில் புதிய ஆலைகளும் அப்போது உற்பத்திக்கு வந்தன. 2021-22-ல் சுமார் 250 லட்சம் டன்னாக இருந்த யூரியா உற்பத்தி, வெட்டு விழுந்த 2022-23-ல் சுமார் 285 லட்சம் டன்னாக உயர்ந்தது.

பணம் இல்லாத நாடுகளுக்கு இது முடியவில்லை. வங்கதேசம் 2022 ஜூலையில் உடனடிச் சந்தையில் வாயு வாங்குவதை நிறுத்தியது. மின்வெட்டு வந்தது. ஆகஸ்டில் யூரியா விலையைக் கிலோ 16 டாக்காவிலிருந்து 22 டாக்காவாக உயர்த்தினார்கள். அந்தச் சுமை நேராக விவசாயியின் தலையில் விழுந்தது.

விவசாயிக்கு உள்ள ஆபத்து

நம் நாட்டில் மானியம் இருக்கும்வரை விலை ஏறாது. ஆனால் மூட்டை காலத்தில் வராமல் போகலாம். தூர் கட்டும் பருவத்தில் இட வேண்டிய உரம் கதிர் வந்தபின் கிடைத்தால் பயன் இல்லை. வளைகுடா நாடுகளின் வாயுக் கப்பல்கள் ஹோர்முஸ் என்ற குறுகிய கடல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ரஷ்யக் கப்பல் நின்றதுபோல் எந்தக் கப்பலும் நிற்கலாம். நாட்டைச் சமாளிக்க அரசு இருக்கிறது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தன் வயலைத் தானே சமாளிக்க வேண்டும். வழி ஒன்றுதான்: வயலுக்கு வேண்டிய யூரியாவைக் குறைப்பது.

வயலில் செய்ய வேண்டியவை

குறுகிய கால நெல்லுக்கு ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து பொதுச் சிபாரிசு. இது 104 கிலோ யூரியா. இரண்டு மூட்டைக்குச் சற்று அதிகம். நீர் நிற்கும் வயலில் இடும் யூரியாவில் பாதிக்கு மேல் ஆவியாகவும் நீரோடும் வீணாகிறது. வீணாவதைத் தடுத்தாலே பெரிய லாபம்.

1. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்காகப் பிரித்து இட வேண்டும்.

2. களை எடுத்தபின், நீரை வடித்துச் சேறும் சகதியுமாக இருக்கும்போது மாலையில் தூவுவது நல்லது. இலை ஈரமாக இருக்கும்போதும், மழை வரும்போலிருந்தாலும் தூவக் கூடாது.

3. இலை வண்ண அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளலாம். நடவு செய்த 14-ஆம் நாள் முதல் பூக்கத் தொடங்கும்வரை வாரம் ஒரு முறை, பத்துச் செடிகளில் நன்றாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே ஆறு இலைகளாவது வெளிறி இருந்தால்தான் அந்த வாரம் யூரியா. ஏக்கருக்கு 26 முதல் 30 கிலோ போதும். இம்முறையைப் பின்பற்றுவோர் மேலே சொன்ன நான்கு தவணையைப் பார்க்காமல் அட்டை காட்டும்போது மட்டும் மேலுரம் இட வேண்டும்.

4. சம்பாவுக்கு முன் நிலம் சும்மா இருந்தால், கிடைக்கும் மழையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழ வேண்டும். நன்றாக வளர்ந்த பூண்டு ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியாவின் தழைச்சத்தைத் தரும்.

5. நடவு செய்த சில நாளில் ஏக்கருக்கு 100 கிலோ அசோலா தூவி, வளர்ந்தபின் களை எடுக்கும்போது சேற்றில் மிதித்துவிடலாம். ஒரு சிறு பாத்தியில் வளர்த்தால் விதை அசோலாவுக்குச் செலவில்லை.

அளவுக்கு மிஞ்சிய யூரியாவால் பயிர் கருகருவென்று வளர்ந்து சாயும். இலைச் சுருட்டுப் புழுவும் குலை நோயும் கூடும். எனவே கையிருப்பு ஏராளமாக உள்ள ஆண்டிலும் சிக்கனம் நஷ்டமில்லை. இதைப் பழக்கமாக்கிக்கொண்ட விவசாயிக்கு, கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு மூட்டை கேட்டு ஒன்றே கிடைக்கும் நாளிலும் பயிர் கைவிட்டுப் போகாது.