நாட்டுப்புற இசை முன்னோடி கே. ஏ. குணசேகரன்



நடவுப் பாட்டில் ஒருத்தி ஓரடியைப் பாடுவாள். ஏனையோர் 'தன்னானே' என்று சேர்ந்து பாடுவர். எங்கள் கடத்தூர்ப் பகுதியின் கிணற்றுப் பாசன வயல்களில் என் இளமையில் நான் கேட்ட முறை இது. பொருளற்ற இச்சொல் எதற்கு என்று வகுப்பில் மாணவர் வினவுவதுண்டு. அதற்குப் பொருள் இல்லைதான். ஆயினும் பயன் உண்டு. மற்றவர் அதனைப் பாடும் பொழுதிலேதான் முதற்பாட்டுக்காரி மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அடியைப் புனைகிறாள். எல்லார் கைகளும் ஒரே தாளத்தில் இயங்குகின்றன. ஆகவே நாட்டுப்பாடல் வெறும் சொல் அன்று. உழைப்பும் மூச்சும் குரலும் கூடிய கலை ஆகும்.

அந்தத் 'தன்னானே' என்னும் சொல்லையே தம் கலைக்குழுவுக்குப் பெயராகச் சூட்டியவர் முனைவர் கே. ஏ. குணசேகரன். இவர் 1955ஆம் ஆண்டு சிவகங்கைச் சீமையின் மாரந்தை என்னும் சிற்றூரில், ஒடுக்கப்பட்ட குடும்பமொன்றில் பிறந்தார். இளமையில் தாம் பட்ட தீண்டாமைக் கொடுமையையும், இளையான்குடியில் இசுலாமிய மக்களிடையே அக்கொடுமை இன்றி வாழ்ந்ததையும் 'வடு' என்னும் தன்வரலாற்று நூலில் எழுதியுள்ளார்.

அவருக்கு முன்னரே நா. வானமாமலை போன்ற அறிஞர்கள் நாட்டுப்பாடல்களைத் தொகுத்து நூலாக்கியிருந்தனர். அது பெருந்தொண்டு. எனினும் ஏட்டில் ஏறிய பாட்டுக்குக் குரல் இல்லை. குணசேகரனோ ஆராய்ந்தவர், அதே வேளையில் மேடையேறிப் பாடியவர். கவிஞர் இன்குலாப் இயற்றிய 'மனுசங்கடா' என்னும் பாடலை அவர் ஊர்தோறும் பாடிப் பரப்பினார். நாட்டுப்புற மெட்டு பழமையைப் போற்றுவதற்கு மட்டுமன்று, மானத்தைக் கேட்பதற்கும் உரியது என்பதை அவர் குரல் மெய்ப்பித்தது.

'பலியாடுகள்' என்னும் நாடகத்தையும் அவர் எழுதினார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராகப் பணியாற்றினார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கினார். கல்வி கற்றோர் தாழ்வாக எண்ணிய தெருப்பாட்டு, இவரைப் போன்றோர் முயற்சியால் பல்கலைக்கழகத்தில் பாடமாயிற்று. 2016ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் மறைந்தார்.

மாணவர்களே! நடவு இயந்திரம் வயலுக்கு வந்துவிட்டது. முதுகொடியும் உழைப்பு குறைவது நன்றே; ஆனால் வேலை மறைந்தால் அதனோடு பிறந்த பாட்டும் மறையும். உங்கள் இல்லத்துப் பாட்டியிடம் ஒரு பாடல் கேளுங்கள். கைபேசியில் அவர் குரலைப் பதியுங்கள். பாடியவர் பெயர், ஊர், எந்த வேலைக்குரிய பாட்டு என்ற மூன்றையும் தவறாது எழுதிவையுங்கள். பாட்டைக் காத்துவிட்டுப் பாடியவரை மறப்பது நன்றியாகாது. பின்னர் அப்பாடலை நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்.